2038 தேதிச் சிக்கல்: அலுவலக நெட்வொர்க் மென்பொருளை எப்போது மேம்படுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றிரண்டு சர்வர்கள், சில சுவிட்சுகள், ஒரு ஃபயர்வால், கணக்கு மென்பொருள், வாசலில் ஒரு வருகைப் பதிவுக் கருவி என்ற அளவில் இயங்கும் நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அந்த நிறுவனங்களின் உரிமையாளர்களும் கணினிப் பிரிவில் பணியாற்றுபவர்களும் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் அளித்த பதில்களையும் இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் ‘எப்போது’ என்பதைப் பற்றியவை. இந்தச் சிக்கலில் செலவையும் சேதத்தையும் தீர்மானிப்பது அதுதான் என்பது என் கருத்து.

2038 சிக்கல் என்பது என்ன?

யூனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களும் அவற்றைப் பின்பற்றி எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்களும், 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கையாகவே நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட் அளவுள்ள, கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் கூடிய எண்ணாகச் சேமித்தால், அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 214,74,83,647. உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண் நிரம்பிவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அதற்கு அடுத்த நொடியில் எண் எதிர்மறையாக மாறி, கணினி 1901 டிசம்பர் 13ஆம் தேதியைக் காட்டும். 64 பிட் எண்ணில் நேரத்தைச் சேமிக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் எழாது.

இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருக்கிறதே, இப்போதே ஏன் கவலைப்பட வேண்டும்?

கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சர்வரை ஆறு அல்லது ஏழு ஆண்டுகள் பயன்படுத்துகிறோம். ஃபயர்வாலை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கிறோம். கதவுக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டியையும் அவை பழுதாகி நிற்கும் வரை யாரும் மாற்றுவதில்லை. ஆக, இன்று வாங்கும் சர்வருக்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் இடையில் இருக்கிறது. இன்று வாங்கும் கதவுக் கருவியோ 2038ஆம் ஆண்டிலும் அதே சுவரில் இருக்கலாம். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட நிறுவனம் வழக்கமான கொள்முதலின் வழியாகவே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். புரிந்துகொள்ளாத நிறுவனம் 2037ஆம் ஆண்டில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சில தொழில்நுட்பப் பணியாளர்களைத் தேடி அலையும்போது, அவசர விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், எதிர்காலத் தேதிகளைக் கணக்கிடும் மென்பொருள்களில் இந்தச் சிக்கல் முன்கூட்டியே வந்துவிடுகிறது என்பது. இருபது ஆண்டு வீட்டுக் கடனுக்குத் தவணை அட்டவணை போடும் நிரல் 2018ஆம் ஆண்டிலேயே இந்தத் தேதியைத் தாண்டிவிட்டது. 2006 மே மாதத்தில் ஏஓஎல்சர்வர் என்னும் இணையச் சர்வர் மென்பொருள் பல இடங்களில் ஒரே நேரத்தில் தடுமாறியதற்குக் காரணம் இதுதான்: ‘காலாவதியே ஆகக் கூடாது’ என்னும் நோக்கத்தில் நூறு கோடி நொடி என்று ஓர் அமைப்பில் கொடுத்திருந்தார்கள். அன்றைய தேதியுடன் நூறு கோடி நொடியைக் கூட்டியபோது விடை 2038 எல்லையைத் தாண்டிவிட்டது.

மூன்றாவதாக, எண் நிரம்பி வழிவதற்குக் கடிகாரம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மின்னஞ்சல்கள் வரிசையிலேயே தேங்கி நின்றன. அதன் வைரஸ் தடுப்புப் பகுதி, தேதியைக் கொண்டு அமைத்த 2201010001 என்னும் பதிப்பெண்ணை 32 பிட் எண்ணாகப் படிக்க முயன்றது. அந்த எண் 2147483647ஐவிடப் பெரியது. புத்தாண்டு விடுமுறையில் இருந்த நிர்வாகிகள் பலர் சர்வர் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போது உலகமே பயந்தது. கடைசியில் ஒன்றும் நடக்கவில்லையே?

ஆண்டை இரண்டே இலக்கத்தில் சேமித்த நிரல்கள் 2000ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்பதே அன்றைய பயம். ஒன்றும் நடக்காமல் போனதற்குக் காரணம், நடக்காமல் இருப்பதற்காகப் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள் என்பதே. அந்த வேலையின் ஒரு பெரும் பங்கு இந்தியப் பொறியாளர்களின் மேசையில் நடந்தது. நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்கள் வெளிநாடுகளில் கால் ஊன்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. அன்றைக்கு நேரம் குறித்து எடுக்கப்பட்ட முடிவுகள் இன்றைக்கும் பாடமாக இருப்பதால் இரண்டைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து அலுவலகங்களில் நோவெல் நெட்வேர் 3.12 என்னும் சர்வர் இயங்குதளம் பரவலாக இயங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்திருந்தவர்களுக்கு 1998ஆம் ஆண்டில் இரண்டு வழிகள் கிடைத்தன: இருக்கும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு தேதிக் குறைகளை மட்டும் நீக்கும் நெட்வேர் 3.2க்குச் செல்வது, அல்லது முற்றிலும் புதிய நெட்வேர் 5க்கு மாறுவது. எந்த வழியில் சென்றாலும், 1998ஆம் ஆண்டிலேயே முடிவெடுத்தவர்களுக்கு 1999 முழுவதும் சோதித்துப் பார்ப்பதற்குக் கிடைத்தது.

விண்டோஸ் பக்கம் பலர் விண்டோஸ் என்.டி. என்னும் அலுவலக இயங்குதளத்தின் 5ஆம் பதிப்பு வரட்டும் என்று காத்திருந்தார்கள். அது 1998 அக்டோபரில் விண்டோஸ் 2000 என்று பெயர் மாறி, 2000 பிப்ரவரி 17 அன்றுதான் விற்பனைக்கு வந்தது. தேதிச் சிக்கலுக்கு மருந்தாக அதை நம்பியிருந்தவர்களுக்கு நோய் வந்து போன பிறகுதான் மருந்து கிடைத்தது. என்.டி. 4 வைத்திருந்தவர்களில் 1998 இறுதியில் வந்த சர்வீஸ் பேக் 4 என்னும் திருத்தத் தொகுப்பை நிறுவியவர்கள் நிதானமாகச் சோதித்தார்கள். ஆனால் கடைசி நிமிடத்தில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 1999 அக்டோபர் இறுதியில் வந்த சர்வீஸ் பேக் 6ஐ நிறுவியவர்கள் வேறொரு வலையில் சிக்கினார்கள். அதில் இருந்த ஒரு குறையால், நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணப் பயனர்கள் லோட்டஸ் நோட்ஸ் போன்ற மென்பொருள்களில் சர்வருடன் இணைய முடியவில்லை. திருத்தப்பட்ட 6ஏ நவம்பர் இறுதியில்தான் வந்தது. ஆண்டு முடிய ஒரு மாதமே இருந்த நிலையில், ஒரு சிக்கலைத் தடுக்கப் போய் இன்னொன்றைத் தாங்களே உள்ளே கொண்டுவந்தவர்களின் பதற்றத்தை எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கலாமா, இருப்பதையே நிறுவலாமா?

இன்று சந்தையில் இருக்கும், குறைந்தது ஓராண்டு பலரது பயன்பாட்டில் தேறிய பதிப்பை நிறுவுங்கள். வரப்போகும் பதிப்பின் மீது திட்டத்தைக் கட்டாதீர்கள்.

அதோடு ஆதரவுக் காலத்தையும், அதாவது தயாரித்த நிறுவனம் திருத்தங்கள் தரும் காலத்தையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2016க்கான ஆதரவு 2027 ஜனவரி 12, 2019 பதிப்புக்கானது 2029 ஜனவரி 9, 2022 பதிப்புக்கானது 2031 அக்டோபர் 14 ஆகிய தேதிகளில் முடிவடைகிறது. இவற்றில் எதுவும் 2038 வரை வராது. எனவே தேதிச் சிக்கல் என்று ஒன்று இல்லாவிட்டாலும் இந்தச் சர்வர்கள் அனைத்தையும் மாற்றியே ஆக வேண்டும். இதை நான் ஒரு நல்வாய்ப்பாகவே பார்க்கிறேன். ஆதரவு முடியும் தேதியைச் சாக்காக வைத்து ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தச் சர்வரில் இயங்கும் பயன்பாடுகளின் தேதித் தகுதியையும் சோதித்துவிட்டால், 2038க்கென்று தனியாக நிதி கேட்டு உரிமையாளர் முன்னால் நிற்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

எங்களிடம் இருப்பவை அனைத்தும் விண்டோஸ் கணினிகள். எங்களுக்குப் பாதிப்பு உண்டா?

விண்டோஸ் தன் உள்ளே நேரத்தை 1601ஆம் ஆண்டிலிருந்து 64 பிட் எண்ணில் கணக்கிடுகிறது. எனவே விண்டோஸ் என்னும் இயங்குதளம் 2038 ஜனவரியில் நின்றுவிடாது. ஆனால் விண்டோஸின் மேல் இயங்கும் பயன்பாடுகளைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. விஷுவல் சி++ மொழியில் நேரத்துக்கான அடிப்படை வகை, 2005 பதிப்பிலிருந்துதான் இயல்பாகவே 64 பிட்டாக மாறியது. அதற்கு முன் உருவாக்கப்பட்ட நிரல்களும், பழைய தரவுக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே 32 பிட்டில் தங்கிவிட்ட நிரல்களும் இன்னும் அலுவலகங்களில் இயங்குகின்றன. உள்ளூர் நிரலாளர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்த கிடங்குக் கணக்கு மென்பொருள் உங்களிடம் இருந்தால், முதலில் அதையே சோதியுங்கள்.

லினக்ஸ் சர்வர்கள்?

64 பிட் லினக்ஸில் அடிப்படை நேர வகை 64 பிட்டாகவே இருக்கிறது. 32 பிட் கட்டமைப்புகளுக்கு 2020ஆம் ஆண்டில் வந்த, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6 வழி செய்தது. 2021இல் வந்த ஜிலிப்சி 2.34 என்னும் அடிப்படை நிரல் நூலகம் அதைப் பயன்பாடுகளுக்கும் திறந்துவிட்டது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் 13ஆம் பதிப்பு, 2025 ஆகஸ்டில், பழைய 32 பிட் இன்டெல் கட்டமைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டது.

இயங்குதளத்தைவிட, வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமையில்தான் சிக்கல் ஒளிந்திருக்கும். ஈஎக்ஸ்டி3 முறைமையும், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடு 128 பைட்டாக இருக்கும்படி உருவாக்கப்பட்ட ஈஎக்ஸ்டி4 முறைமையும் 2038க்குப் பிந்திய தேதியைக் கோப்பில் பதிய இயலாதவை. 256 பைட் ஐநோடு இருந்தால் 2446 வரை தாங்கும். எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்கு 2020 இறுதியில் வந்த கெர்னல் 5.10 முதல் ‘பிக்டைம்’ என்னும் வசதி கிடைக்கிறது. அதை இயக்கினால் 2486 வரை செல்லலாம். இயங்குதளத்தை மட்டும் புதிதாக நிறுவிவிட்டு, பழைய வட்டை அப்படியே இணைத்துக்கொண்டவர்களுக்கு இவை தெரியாமலே போய்விடும். கண்டுபிடிப்பது எளிது: அண்மைக் காலக் கெர்னல்கள், இத்தகைய வட்டை இணைக்கும்போது, இது 2038 வரையிலான நேரத்தையே தாங்கும் என்று துவக்கப் பதிவில் ஒரு வரி எழுதிவிடுகின்றன. அந்த வரியைத் தேடிப் பாருங்கள். கண்ணில் பட்டால், புதிய வட்டில் புதிய கோப்பு முறைமை உருவாக்கித் தரவை நகலெடுப்பதே பாதுகாப்பான வழி.

தரவுத்தளத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துபவர்கள் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை நெடுவரிசைகளைத் தேட வேண்டும். அந்த வகை 2038 ஜனவரி 19 வரையில்தான் மதிப்பை ஏற்கும். ‘டேட்டைம்’ வகை 9999ஆம் ஆண்டு வரை செல்லும். மைஎஸ்கியூஎல்லின் கிளையான மரியாடிபி, 11.5 பதிப்பிலிருந்து 64 பிட் கணினிகளில் டைம்ஸ்டாம்பின் எல்லையை 2106 வரை நீட்டித்திருக்கிறது. ஆகவே சிலருக்குப் பதிப்பை மாற்றினாலே போதும்.

நெடுவரிசையின் வகையை மாற்றுபவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். டைம்ஸ்டாம்ப் மதிப்பை உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவரின் நேர மண்டலத்துக்கு மாற்றித் தரும். டேட்டைம் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். மாற்றும் வேளையில் இணைப்பின் நேர மண்டலம் தவறாக இருந்தால், எல்லாப் பதிவுகளும் ஐந்தரை மணி நேரம் நகர்ந்துவிடும். இரவு எட்டு மணி விற்பனை மறுநாள் விற்பனையாகிவிட்டால், அதைக் கணக்காளர் மாத இறுதியில்தான் கண்டுபிடிப்பார். மேலும், பல கோடி வரிகள் உள்ள அட்டவணையில் இந்த மாற்றம் மணிக்கணக்கில் ஓடும், அதுவரை அதில் புதிதாக எழுத முடியாமல் போகலாம். ஆண்டுதோறும் அட்டவணை வளர்ந்துகொண்டே இருப்பதால், இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடப் போட அது கடினமாகிக்கொண்டே போகிறது. ஆகவே என் பட்டியலில் தரவுத்தளம் எப்போதும் முதல் இரண்டு ஆண்டு வேலைகளில் இருக்கும்.

நெட்வொர்க்கில் நாம் மறந்துவிடக்கூடியவை எவை?

கணினி என்று நாம் பெயர் சூட்டாத கணினிகள். கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டி, விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி, கதவுப் பூட்டுக் கட்டுப்பாட்டுப் பலகை, யுபிஎஸ்ஸில் செருகிய நெட்வொர்க் அட்டை, பழைய வைஃபை பெட்டிகள், பிரிண்டர்கள், இபிஏபிஎக்ஸ் என்னும் அலுவலகத் தொலைபேசி இணைப்பகம், இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி, மூலையில் தூசு படிந்து கிடக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டி ஆகியவற்றைச் சொல்கிறேன். இவற்றில் பலவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவது வாங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே நின்றுவிடுகிறது.

நான் பராமரிக்கும் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கழற்றி வைத்திருந்த வருகைப் பதிவுக் கருவி ஒன்றை மேசைக்குக் கொண்டுவந்து, அதன் தேதியை 2038 ஜனவரி 19 காலை 8:42 என்று அமைத்தேன். இரண்டு நிமிடம் காத்திருக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் சேமிப்புப் பொத்தானை அழுத்திய மறுகணமே திரையில் 1901 என்று வந்துவிட்டது. சற்று யோசித்த பிறகுதான் விளங்கியது: அந்தக் கருவிக்கு நேர மண்டலம் என்ற ஒன்றே தெரியாது, உள்ளூர் நேரத்தையே பொது நேரமாக எண்ணிக்கொள்கிறது, எனவே அதன் எல்லை காலை 8:44க்கு வராமல் அதிகாலை 3:14க்கே வந்துவிடுகிறது. மறுபடியும் அதிகாலை 3:13 என்று அமைத்து விட்டேன். 3:14:07க்கு அடுத்த நொடியில் திரையில் 13-12-1901, 20:45:52 என்று நின்றது. விரலை வைத்தேன். கருவி என்னை அடையாளம் கண்டுகொண்டது, பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் சம்பளக் கணினியில் அந்தப் பதிவு வந்து சேரவே இல்லை. கடைசியாகப் பெற்ற பதிவுக்குப் பிந்தியவற்றை மட்டும் கேட்கும்படி அந்த மென்பொருள் எழுதப்பட்டிருந்தது, 1901 எதற்கும் பிந்தியதாக இருக்க முடியாது. வாசலில் எல்லாம் சரியாக இயங்குவதுபோல் தெரிந்து, மாதக் கடைசியில் முந்நூறு பேரின் வருகை காணாமல் போயிருக்கும். தொழிலாளியின் கூலியோடு விளையாடும் இத்தகைய கோளாறை நான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன்.

எந்தத் தேதியைக் கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டும்?

2038 ஜனவரி என்று வைக்காதீர்கள். நெட்வொர்க்குக்கு அதற்கு முன்பே ஒரு தேதி வருகிறது. எல்லாக் கருவிகளுக்கும் நேரம் சொல்லும் என்டிபி நெறிமுறை, 1900 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி, குறியில்லாத 32 பிட் எண்ணில் அனுப்புகிறது. அது நிரம்பித் தொடக்கத்துக்குத் திரும்பும் நேரம் 2036 பிப்ரவரி 7, இந்திய நேரம் வியாழக்கிழமை முற்பகல் 11:58:16. முறையாக எழுதப்பட்ட என்டிபி மென்பொருள் தன் கடிகாரத்தை ஒப்பிட்டு இது அடுத்த சுற்று என்று புரிந்துகொள்ளும். மலிவான கருவிகளில் இருக்கும் எளிய நிரல்கள் சில, 1900ஆம் ஆண்டு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

நேரம் பிறழ்ந்த நெட்வொர்க்கில் உள்நுழைவே தடைப்படும். விண்டோஸ் நெட்வொர்க்கில் பயனர்களைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரியின் கெர்பரோஸ் முறை இயல்பாக ஐந்து நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும். ஆகவே நான் பரிந்துரைக்கும் கெடு 2035 டிசம்பர். அதற்குள் மாற்ற வேண்டியவை மாறியிருக்க வேண்டும். 2036 பிப்ரவரியை உண்மையான ஒத்திகையாக எடுத்துக்கொண்டு, அதில் கண்டுபிடிப்பவற்றைச் சரிசெய்ய மீதமுள்ள ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைப் பயன்படுத்தலாம்.

எந்த வரிசையில் மேம்படுத்துவது?

முதலில் நேரம் தரும் சர்வர், அடுத்து அதிலிருந்து நேரம் பெறும் ஃபயர்வால், சுவிட்ச் முதலியவை, பிறகு பயனர் உள்நுழைவைக் கவனிக்கும் டொமைன் சர்வரும் கோப்புச் சர்வரும். தரவுத்தளத்தையும் அதன் மேல் இயங்கும் பயன்பாட்டையும் ஒன்றாகவே எடுக்க வேண்டும். பேக்கப் மென்பொருளை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்பாகச் சரிபார்த்துவிடுங்கள். மற்ற எது கெட்டாலும் திரும்பிப் போக உதவுவது அது ஒன்றுதான்.

ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் ஒன்று இயங்கவில்லை என்றால், ஐந்து மாற்றங்களில் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாற்றம், அதன்பின் ஒரு மாத முடிவுக் கணக்கு ஒழுங்காக முடியும் வரை காத்திருப்பு, அதன்பின் அடுத்த மாற்றம் என்பதே நான் கடைப்பிடிக்கும் முறை.

ஆண்டின் எந்த மாதங்கள் ஏற்றவை?

தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஆகவே ஆகாது. நிதியாண்டு முடிவில் சர்வரைத் தொட்டால் தணிக்கையாளர் வரை பதில் சொல்ல வேண்டிவரும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களும் அப்படியே, ஏனெனில் அப்போது போனஸ், விற்பனை, அனுப்புகை என்று எல்லாம் ஒன்றாக வருகின்றன. ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலான இடங்களில் மூச்சுவிட இடம் கிடைக்கும். மாதத்துக்குள் பார்த்தால், மாதாந்தர ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவத் தாக்கல் 20ஆம் தேதி முடிவதால், 21 முதல் சம்பள வேலை தொடங்கும் வரையிலான சில நாட்கள் ஏற்றவை. ஆலைகளில் ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் இயந்திரங்கள் நிற்கும் நாட்களைப் பயன்படுத்தலாம். ஆனால் விற்பனையாளரின் உதவிப் பிரிவும் அன்று விடுமுறையில் இருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனையை எப்படிச் செய்வது? தேதியை மாற்றிப் பார்த்தால் போதாதா?

இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரில் தேதியை மாற்றவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில், சோதனைக்கென்று நகலெடுத்த சர்வரைப் பேக்கப் சேமிப்பகத்துடன் இணைந்த நிலையிலேயே விட்டுவிட்டுத் தேதியை முன்னே தள்ளினார்கள். தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட பேக்கப்பை அழிக்கும் விதி அன்றிரவு தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதன் பார்வையில் எல்லாப் பேக்கப்பும் பத்தாண்டுகளுக்கு மேல் பழையவை. அவ்வளவும் அழிந்தன.

சர்வரின் நகலை, மென்பொருளுக்குள் ஓடும் ஒரு மெய்நிகர் கணினியாக எடுத்து, அதன் நெட்வொர்க் இணைப்பை முற்றிலும் துண்டியுங்கள். அதைத் தாங்கி நிற்கும் கணினி தன் நேரத்தைத் திணிக்கும் வசதி, மெய்நிகர் கணினிகளை இயக்கும் வி.எம்.வேரிலும் ஹைப்பர்-வியிலும் உண்டு. அதை அணைக்காவிட்டால், நீங்கள் அமைத்த தேதி உங்களுக்குத் தெரியாமலே இன்றைக்குத் திரும்பிவிடும், சோதனை வெற்றி என்று தவறாக எழுதிவைப்பீர்கள். பிறகு நேரத்தை எல்லைக்கு ஐந்து நிமிடம் முன்பாக அமைத்து, கண்ணெதிரே கடக்கவிடுங்கள். கடந்த பின் பயனராக உள்நுழையுங்கள், ஒரு பில் போடுங்கள், ஒரு கோப்பைச் சேமியுங்கள், திட்டமிட்ட பணிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். மறுதொடக்கம் செய்து அதே வேலைகளை மறுபடியும் செய்யுங்கள். ஓடும்போது தாங்கிய மென்பொருள் மறுதொடக்கத்தில் விழுவது உண்டு. கடைசியாக, கணினியை அணைத்த நிலையில் எல்லையைக் கடக்கவைத்தும் பாருங்கள்.

லைசென்ஸ் காலாவதி, கடவுச்சொல் காலாவதி, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆகியவை இந்தச் சோதனையில் தலைதூக்கும். அவற்றைத் தேதிக் கோளாறு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் முன்பாக, அதாவது ஜனவரி 18இல், இதே சோதனையை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் எது காலாவதி, எது உண்மைக் கோளாறு என்று பிரித்தறியலாம்.

எங்கள் நிறுவனத்துக்குள் நாங்களே வழங்கிக்கொள்ளும் பாதுகாப்புச் சான்றிதழ்களால் சிக்கல் வருமா?

வரலாம். 2028 ஜனவரிக்குப் பின் பத்தாண்டுக் காலத்துக்கு வழங்கும் எந்தச் சான்றிதழும் 2038 எல்லையைத் தாண்டி நிற்கும். 32 பிட் நேரம் கொண்ட பழைய கருவி அதைக் காலாவதியானதாகக் கருதி, வழங்கிய அன்றே மறுத்துவிட முடியும். புதிய சான்றிதழை எல்லா இடங்களிலும் பரப்புவதற்கு முன், உங்களிடம் உள்ள மிகப் பழைய கருவியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

விற்பனையாளரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்?

‘எல்லாம் ரெடி சார்’ என்ற வாய்ச்சொல் போதாது. 2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போது பிரிட்டிஷ் தரநிலை நிறுவனம், தேதித் தகுதி என்றால் என்ன என்பதை நான்கு விதிகளாக வகுத்து வெளியிட்டது. எந்த நடப்புத் தேதியும் இயக்கத்தைத் தடைசெய்யக் கூடாது, தேதியை வைத்துச் செய்யும் கணக்கு எல்லைக்கு முன்னும் பின்னும் ஒரேபோல் இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். அந்த முறை நமக்கும் பொருந்தும். கொள்முதல் ஆணையிலும் ஏஎம்சி என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும், 2036 பிப்ரவரி 7, 2038 ஜனவரி 19 ஆகிய இரு தேதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்குப் பிந்திய தேதிகளை ஏற்கவும் சேமிக்கவும் காட்டவும் அனுப்பவும் இந்தப் பொருள் தகுதியானது, இல்லையெனில் இலவசமாகத் திருத்தித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். விற்பனையாளர் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குத் தேவையான தகவல்.

எழுதியவர் போய்விட்ட, மூல நிரல் இல்லாத பழைய மென்பொருளை என்ன செய்வது?

அதை மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள், ஏனெனில் அதுதான் மிக நீண்ட காலம் எடுக்கும். தரவை வெளியே எடுத்து, புதிய மென்பொருளில் ஏற்றி, ஓராண்டு இரண்டையும் சேர்த்து ஓட்டி ஒப்பிட வேண்டியிருக்கும். தேதியைப் பின்னோக்கி வைத்து ஏமாற்றி ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தனியாக இயங்கும் ஓர் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியில் அது சாத்தியம். கணக்குக்கும் வரிக்கும் பயன்படும் மென்பொருளில் அதைச் செய்ய நான் உடன்பட மாட்டேன்.

பத்துக் கணினிகள் மட்டுமே உள்ள சிறிய அலுவலகம் எங்களுடையது. இவ்வளவும் தேவையா?

தேவையில்லை. உங்களிடம் உள்ள கருவிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வாங்கிய ஆண்டையும் மாற்றப்போகும் ஆண்டையும் குறியுங்கள். மாற்றும் ஆண்டு என்று எதுவும் எழுத முடியாத கருவிகளை மட்டும் சோதியுங்கள்.

கடைசி மாதங்களில் என்ன செய்ய வேண்டும்?

2037 அக்டோபர் முதல் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். பாதுகாப்புப் பேட்ச் மட்டும் விதிவிலக்கு, அதையும் சோதனைக் கணினியில் சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே நிறுவ வேண்டும். சர்வீஸ் பேக் 6 கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு வருகிறது. இன்றைய விதிப்படி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு அது கடைசி நாளுக்கு முந்தைய நாளும்கூட. எனவே தாக்கலைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் பிரிவிடம் இப்போதே எழுதிக்கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை இரவு முழுப் பேக்கப் எடுத்து, அதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வையுங்கள். நேர மண்டலம் தெரியாத கருவிகள் செவ்வாய் அதிகாலை 3:14க்கே தடுமாறும் என்பதால், கணினிப் பிரிவில் ஒருவராவது அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். 8:44 கடந்ததும் ஓர் உள்நுழைவு, ஒரு பில், ஒரு வருகைப் பதிவு, ஒரு கேமராக் காட்சி எனக் கையால் சோதித்து, நேரத்துடன் தாளில் எழுதி வையுங்கள்.

அந்த நாள் கடந்துவிட்டால் முடிந்ததா?

அன்றிரவு ஓடிய பேக்கப்பிலிருந்து மறுநாள் ஒரு கோப்பை மீட்டெடுத்துப் பார்க்கும் வரை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஜனவரி மாதச் சம்பளமும் மார்ச் இறுதி ஆண்டுக் கணக்கும் அடுத்த இரு சோதனைகள். உங்கள் நேரச் சர்வர் ஜிபிஎஸ் வழியாக நேரம் பெறுவதாக இருந்தால் இன்னொரு தேதியும் இருக்கிறது. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணி மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 6 இரவு அப்படித் திரும்பியபோது நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா நெட்வொர்க் பல நாட்கள் செயலிழந்து கிடந்தது. அடுத்த திருப்பம் 2038 நவம்பர் 20 நள்ளிரவில் வருகிறது. ஜிபிஎஸ் வழியாக நேரம் பெறும் கருவி வைத்திருப்பவர்கள் அதற்கான புதுப்பிப்பு கிடைக்கிறதா என்று அதே கொள்முதல் ஆணையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.